ரங்கிடோட்டோ எரிமலை: ஏற்றம் எளிது, தண்ணீரும் ஷூவும் படகும்தான் கவனம்

ஆக்லாந்து நகரப் படகுத்துறையிலிருந்து வடகிழக்கே பார்த்தால் ரங்கிடோட்டோ தெரியும். கவிழ்த்து வைத்த தாம்பாளம், அதன் நடுவில் ஒரு குமிழ். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். உயரம் 259 மீட்டர். நகரத்திலிருந்து படகில் சுமார் 25 நிமிடம். துறையில் இறங்கி நடக்கத் தொடங்கினால், தினமும் கொஞ்சமாவது நடக்கிற பழக்கம் உள்ள எவரும் ஒரு மணி நேரத்தில் உச்சியில் நிற்கலாம். கயிறு பிடித்து ஏற வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பாதை அகலமானது, பிரியும் இடங்களில் பலகை இருக்கிறது, வழி தவறுவது கடினம்.

இருந்தும் இந்தத் தீவிலிருந்து நொந்துபோய்த் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் ஏற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்திருக்கும். செருப்பு அறுந்திருக்கும். அல்லது கடைசிப் படகு கண்ணெதிரே கிளம்பிப் போயிருக்கும். முதல் இரண்டுக்கும் காரணம் காலடியில் கிடக்கும் பாறை. மூன்றாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் பாறையிலிருந்தே தொடங்கலாம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் ஓர் எரிமலைப் புலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் அதில் உண்டு. அவற்றில் வயதில் இளையதும் உருவத்தில் பெரியதும் ரங்கிடோட்டோதான். அது கடலுக்குள்ளிருந்து வெடித்து எழுந்து ஏறத்தாழ 600 ஆண்டுகளே ஆகின்றன. பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில் அப்போது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே படிந்த சாம்பல் அடுக்குகளுக்கு நடுவில் மனிதர்களின் காலடித் தடங்களும் நாய்களின் தடங்களும் அப்படியே பதிந்து கிடைத்திருக்கின்றன. சாம்பல் விழுந்துகொண்டிருந்த நாட்களிலேயே அவர்கள் திரும்பி வந்து நடந்திருக்கிறார்கள்.

உறங்கும் எரிமலை என்றதும் புகையையும் கந்தக நெடியையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே இரண்டும் இல்லை. இந்தப் புலத்தின் எரிமலைகள் பெரும்பாலும் ஒருமுறை எழுந்து அடங்கிவிடும் வகை. அடுத்த வெடிப்பு வந்தால் அது வேறொரு புது இடத்தில் வரவே வாய்ப்பு அதிகம் என்பது நிலவியலாளர்களின் கணிப்பு. நில அதிர்வுக் கருவிகள் புலம் முழுவதையும் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. நடக்கப் போகிறவருக்கு எரிமலை என்ற முறையில் இது ஒரு அச்சுறுத்தலும் இல்லை.

600 ஆண்டு என்பது பாறைக்கு வயதே அல்ல. அது இன்னும் மண்ணாகவில்லை. தீவின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு உறைந்த வெறும் கரும்பாறை. உறைந்துகொண்டிருந்த மேல்தோட்டைக் கீழே ஓடிய குழம்பு உடைத்து உடைத்துத் தள்ளியதால், உழுது போட்ட களிமண் கட்டிகள் கல்லாக மாறினதுபோல் கிடக்கிறது. ஒவ்வொரு கட்டிக்கும் கண்ணாடிச் சில்லு மாதிரி விளிம்பு. கட்டிகளுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு இடுக்குகள். மழை பெய்தால் தண்ணீர் தேங்காது, ஓடாது. இடுக்கு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். ஆக்லாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தத் தீவில் ஓர் ஓடைகூடக் கிடையாது.

அதனால்தான் தண்ணீரை முதலில் சொல்கிறோம். தீவில் கடை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. நகரத்தில் படகு ஏறும் முன் பையில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு. கோடையில் (இங்கே அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) ஒருவருக்கு 2 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் 1 லிட்டர் போதும், எரிமலைக் குகைக்கும் போவதாக இருந்தால் இன்னும் அரை லிட்டர். ஒரு மணி நேர நடைக்கு 2 லிட்டரா என்று தோன்றும். கறுப்புப் பாறை வெயிலை வாங்கிக்கொண்டு அடுப்புக்கல் மாதிரி திருப்பி அனுப்பும். நண்பகலில் பாதை ஓரப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மூன்று வினாடி தாங்காது. மேலிருந்து வெயிலும் கீழிருந்து அனலும் சேர்ந்து, நகரத்தில் இதமாக இருந்த நாளைக்கூட இங்கே வாட்டும் நாளாக மாற்றிவிடும். குழந்தைகள் தரைக்குப் பக்கத்தில் நடப்பதால் அவர்களுக்கு இது பெரியவர்களைவிட அதிகம் உறைக்கும். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு மடக்குக் குடிக்கவைப்பது, கேட்கும்போது கொடுப்பதைவிட நல்லது.

குடிப்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. உச்சியை அடையும்போது பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்த நிம்மதியில் எல்லாவற்றையும் குடித்து முடித்துவிட்டு, இறங்கும் ஒரு மணி நேரத்தையும் துறையில் வெயிலில் காத்திருக்கும் நேரத்தையும் வறண்ட தொண்டையோடு கழிப்பதுதான் இங்கே அடிக்கடி நடப்பது.

அடுத்தது கால். உச்சிக்குப் போகும் முதன்மைப் பாதையை மட்டும் பார்த்தால் சாதாரண ஓட்ட ஷூவே போதும். பாதை நொறுக்கிய சரளை போட்டுச் சமன் செய்யப்பட்டது. ஆனால் அடிப்பகுதி மெலிந்துபோன பழைய ஷூவில் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் குத்தும். செருப்பு, சாண்டல் இரண்டும் வேண்டாம். சின்னச் சின்னச் சரளை உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், பத்தடிக்கு ஒருமுறை நின்று உதற வேண்டிவரும். கடற்கரையை ஒட்டிய பாதையிலோ பக்கப் பாதைகளிலோ போவதாக இருந்தால் கணுக்காலைப் பிடிக்கிற, கெட்டியான அடிப்பகுதி உள்ள ஷூ கட்டாயம். அந்தப் பாறையில் ஒருமுறை தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். அதனால் பையில் மருந்துத்துணியும் பிளாஸ்திரியும் நாலைந்து வைத்திருங்கள். பாதையை விட்டு இறங்கி வெறும் குழம்புப் பாறையின் மேல் நடந்து படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். கட்டிகள் பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும், மிதித்தால் உருளும். அதோடு, அவற்றின் மேல் பூத்திருக்கும் பாசி பல ஆண்டுகள் உட்கார்ந்து வளர்ந்தது. ஒரு மிதியில் பெயர்ந்து போகும்.

படகு ஏறும் முன்

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் சடங்காக நினைத்துக் கடந்து போகிறார்கள், அது எங்களுக்கு வருத்தம் தருகிற விஷயம். ரங்கிடோட்டோவிலும் மோட்டுடாப்புவிலும் எலி, சுண்டெலி, ஸ்டோட் என்னும் கீரி மாதிரியான சின்ன வேட்டை விலங்கு, பூனை, முள்ளெலி, முயல் எல்லாவற்றையும் ஒழிக்கும் பணி 2009இல் தொடங்கி, 2011இல் இரண்டு தீவுகளும் தீங்குயிர் இல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அதன் பிறகுதான் டியெக்கே போன்ற அரிய பறவைகளை அங்கே கொண்டுவந்து விட முடிந்தது. முதுகில் செம்பழுப்புச் சேணம் போட்டதுபோல் இருக்கும் கறுப்புப் பறவை அது. நியூசிலாந்தின் பறவைகள் தரைவாழ் பாலூட்டிகளைக் கண்டறியாமல் வளர்ந்தவை. கருவுற்ற ஓர் எலி ஒரு பையில் ஒளிந்து தீவுக்குப் போனால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண்.

ஆகவே முந்தின இரவே பையை முழுக்கக் கவிழ்த்து உதறுங்கள். கராஜில் கிடந்த பையாக இருந்தால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பாருங்கள். உணவை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள், திறந்த துணிப்பையில் வேண்டாம். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைப் பல்துலக்கும் பழைய பிரஷால் சுரண்டி எடுங்கள். பள்ளங்களுக்குள் புல்விதை சிக்கியிருக்கும், காலுறையிலும் ஒட்டியிருக்கும். ஆர்ஜென்டினா எறும்பும் ப்ளேக் ஸ்கிங்க் என்னும் சின்னப் பல்லியும்கூட இப்படிப் பைகளில் தொற்றிப் போகக்கூடியவை. பையை மூடியபடியே படகில் ஏறி, மூடியபடியே தீவில் இறங்க வேண்டும். நாய்களுக்கு அனுமதி இல்லை. தீ மூட்டக் கூடாது. குப்பைத்தொட்டி கிடையாது, பழத்தோல் உட்பட எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

படகு நேரத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், வாரநாளுக்கும் வாரக்கடைசிக்கும் பருவத்துக்கும் அட்டவணை மாறும். கடைசிப் படகு மாலை ஆகும் முன்பே கிளம்பிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். போகும் படகைவிடத் திரும்பும் படகைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கு: துறையில் அரை மணி முன்பே இருக்க வேண்டும். இறங்க 50 நிமிடம். உச்சியில் அரை மணி. எரிமலை வாயைச் சுற்ற 20 நிமிடம். குகைக்குப் போய்வர 40 நிமிடம். ஏற ஒரு மணி நேரம். கூட்டினால் நாலு மணி நேரத்துக்கு ஒரு பத்து நிமிடம் குறைவு. இரண்டு படகுகளுக்கு இடையே அவ்வளவு நேரம் இல்லையென்றால் குகையை விட்டுவிடுங்கள், உச்சியில் உட்காரும் நேரத்தைக் குறைக்காதீர்கள். ரங்கிடோட்டோவில் கூடாரம் போட்டு இரவு தங்க அனுமதியில்லை. கடைசிப் படகைத் தவறவிட்டால் தனிப் படகு வரவழைக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு கசக்கும்.

எங்கள் அனுபவத்தில் படகைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் உச்சிப் பாதையில் வருகிறவர்கள் அல்லர். வரைபடத்தில் கடற்கரைப் பாதை தட்டையாகத் தெரிவதால், உயரமே இல்லையே, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான். உயரம் இல்லாதது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவர் அந்தப் பாறையில் அதில் பாதி போனாலே பெரிது.

ஏற்றம்

துறையில் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாதையில் நுழைவார்கள். ஐந்து நிமிடம் பொறுத்துக் கிளம்பினால் நெரிசல் தானாகக் கலைந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அடுத்தது உச்சிக்குச் சற்றுக் கீழேதான். துறைக்குப் பக்கத்தில் பழைய விடுமுறைக் குடில்கள் சில நிற்கின்றன. பாட்ச் என்பது உள்ளூர்ப் பெயர். 1920களிலும் 30களிலும் நகரத்துக் குடும்பங்கள் கையில் கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்துக் கட்டியவை. 1937இல் புதிதாகக் கட்டுவது தடைசெய்யப்பட்டு, பிற்பாடு பல இடிக்கப்பட்டன. மிஞ்சியவற்றில் 38ஆம் எண் குடிலை மீட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் இறங்குவதைக் கவனியுங்கள். தீவில் தண்ணீருக்கு வேறு வழியே இருந்ததில்லை.

முதல் முக்கால் பங்கு வழி ஏற்றம் என்று உணராத அளவுக்குச் சாய்வானது. தாம்பாளத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நடக்கிறீர்கள். நீர்த்த குழம்பு நாலா பக்கமும் பரவி உறைந்ததால் வந்த சாய்வு இது. எளிதாக இருப்பதால் எல்லாரும் இங்கே வேகமாக நடந்துவிடுகிறார்கள். தவறு அதுதான். நிழல் குறைவான பகுதி இது, செங்குத்தான பகுதி இனிமேல்தான் வரப்போகிறது. பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

மெதுவாக நடக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வெறும் பாறை எப்படிக் காடாகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை. பாதை ஓரத்தில் திறந்த குழம்புப் பாறை வரும் இடத்தில் குனிந்து பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் பாசியும் கற்பாசியும். ஓர் இடுக்கில் காற்று கொண்டுவந்த தூசியும் உதிர்ந்த சருகும் ஒரு பிடி சேர்ந்திருக்கும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு பொஹுடுகாவாக் கன்று. நாவலுக்கும் கொய்யாவுக்கும் சொந்தக்கார மரம் அது. பூவைப் பார்த்தாலே உறவு புரியும்: இதழைவிட மகரந்தத் தாள்கள்தான் பூ, ஆனால் இங்கே அவை இரத்தச் சிவப்பு. அந்தக் கன்று வேரை இடுக்குக்குள் இறக்கித் தண்ணீரைத் தேடிப் பிடிக்கிறது. மரமானதும் நிழல் விழுகிறது, சருகு விழுகிறது, அந்த நிழலுக்குள் மற்றச் செடிகள் வருகின்றன. இப்படி ஒவ்வொரு மரமும் கறுப்புக் கடலில் ஒரு பச்சைத் தீவாகத் தொடங்கி, பக்கத்துத் தீவுகளோடு கை கோர்த்திருக்கிறது. உலகிலேயே பெரிய பொஹுடுகாவாக் காடு இன்றைக்கு இதுதான். நடுநடுவே வட்டமான பச்சைத் திட்டுகளும் அவற்றுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாத கரும்பாறையும் தெரிந்தால், வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மற்றக் காடுகளில் மரக்கிளைகளின் மேல் தொற்றி வளரும் செடிகள் சில இங்கே தரையிலேயே வளர்கின்றன. மண்ணில்லாத கிளையும் மண்ணில்லாத பாறையும் அவற்றுக்கு ஒன்றுதான்.

துறைக்குப் பக்கத்தில் பிரியும் கிட்னி ஃபெர்ன் பாதை சிறியது, அதையும் விடாதீர்கள். இந்தப் பெரணியின் இலை சிறுநீரக வடிவம், வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது, ஒளி ஊடுருவும். வழக்கமாக ஈரக் காடுகளில் வளர்வது. இங்கே மழையில்லாத வறண்ட நாட்களில் இலைகள் கருகிச் சுருண்டு செத்துப்போனவை போல் கிடக்கும். ஒரு நல்ல மழை போதும், விரிந்து பச்சையாகிவிடும். காலையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, இடையில் மழை பெய்திருந்தால் திரும்பும்போது மறுபடி எட்டிப் பாருங்கள்.

உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தரை மாறும். கறுப்புக் கட்டிகள் போய், செம்பழுப்பான, நுரைத்த, கையில் எடுத்தால் எடையே இல்லாத சரளை வரும். வாயுவோடு பீறிட்டு எழுந்த குழம்பு காற்றிலேயே உறைந்து விழுந்தது இது. உள்ளே தெரியும் ஓட்டைகள் அந்த வாயுக் குமிழ்கள், சிவப்பு அதிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்தது. இந்தச் சரளை குவிந்துதான் தாம்பாளத்தின் நடுக் குமிழ் உண்டானது. குவியல் என்பதால் சாய்வு சட்டென்று கூடும். மூச்சு வாங்கும் இடம் இது ஒன்றுதான். நல்லவேளையாக நிழலும் இங்கே அடர்த்தி. கடைசிப் பகுதிக்கு மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும், ஓரமாக நடந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அதை நகரத்திலேயே விட்டுவிட்டு, முதுகில் சுமக்கும் பையைக் கொண்டுவாருங்கள்.

எரிமலை வாய் சுமார் 200 மீட்டர் அகலம், 60 மீட்டர் ஆழம். உள்ளே முழுக்க மரம். குழம்புக் குட்டையை எதிர்பார்த்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு பச்சைக் கிண்ணம்தான் தெரியும். அதன் விளிம்பைச் சுற்றி வரும் பாதையைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். சுற்றிவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் கூட்டம் இருக்காது, பறவைச் சத்தம் நன்றாகக் கேட்கும். உச்சியில் இருக்கும் கான்கிரீட் கட்டடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துறைமுகத்தைக் காவல் காக்கக் கண்காணிப்புக்காகக் கட்டியது. ஏன் இங்கே கட்டினார்கள் என்பதற்கு அங்கிருந்து தெரியும் காட்சியே விடை. ஒரு பக்கம் ஆக்லாந்து நகரமும் 328 மீட்டர் உயர ஸ்கை டவரும், வைட்டமாட்டா துறைமுகமும். மறுபக்கம் ஹவுராக்கி வளைகுடாவின் தீவுகள், வானம் தெளிவாக இருந்தால் கோரமண்டல் மலைகள் வரை. காலடியில் ரங்கிடோட்டோவின் கருமை கலந்த பச்சை, அதை ஒட்டியே மோட்டுடாப்புவின் புல்வெளிப் பச்சை. ஒட்டிக்கிடக்கும் இரண்டு தீவுகளில் ஒன்றின் பாறை 600 வயது, மற்றதன் அடிப்பாறைக்குப் பல கோடி வயது. அந்த நிற வேறுபாட்டில் வயது வேறுபாடு தெரிகிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். இரத்த வானம் என்று மொழிபெயர்த்து, அதை எரிமலை வெடிப்போடு சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ரங்கி என்றால் வானம் என்பதோடு நாள் என்ற பொருளும் உண்டு. மாவோரி முன்னோர் கடல் கடந்து வந்த தே அராவா படகின் தலைவர் தமா-தே-கபுவா இங்கே நடந்த சண்டையில் காயம்பட்டு இரத்தம் சிந்திய நாள் என்பதே மாவோரி மரபு சொல்லும் முழுப்பெயரின் பொருள்.

மேலே காற்று பலமாக அடிக்கும். வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் குளிரும், கோடையிலும்கூட. மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கி ஒன்று பையில் இருக்கட்டும், அதுவே மழைக்கும் உதவும். நியூசிலாந்து வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையானது. மேகம் மூடியிருந்தாலும் தோல் எரியும். படகிலேயே சன்ஸ்கிரீன் தடவி, உச்சியில் இன்னொரு முறை தடவுங்கள். காதுமடலையும் பிடரியையும் மறக்காதீர்கள், அங்கேதான் சிவந்து போகும். தொப்பிக்குத் தாடைக்கயிறு இருந்தால் நல்லது, விளிம்பிலிருந்து பறந்தால் பள்ளத்தில் இறங்கி எடுக்க வழியில்லை.

குகைகளும் இறக்கமும்

எரிமலைக் குகைகளுக்குப் பிரியும் பாதை உச்சிப் பாதையிலேயே, மேலே போய்ச் சேரும் முன்பு பலகையோடு இருக்கிறது. பிரியும் இடத்திலிருந்து 15 நிமிட நடை. உச்சியை முடித்துவிட்டு இறங்கும்போது போவது நல்லது. நேரம் எவ்வளவு மிச்சம் என்று அப்போது தெரிந்திருக்கும்.

குழம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வெளிப்புறம் முதலில் ஆறி ஓடாகிவிடும். உள்ளே இருப்பது சூடு குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலிருந்து வரத்து நின்றதும் உள்ளிருந்தது வடிந்து போய், ஓடு மட்டும் குழாயாக மிஞ்சும். குகை என்று இங்கே சொல்வது அந்தக் குழாயைத்தான். கூரை சில இடங்களில் இடிந்து விழுந்ததால் நுழைய வழி கிடைத்திருக்கிறது. உள்ளே டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள். கைப்பேசி விளக்கு போதும் என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்தால் சுவரைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று இருப்பதே சரி. கூரை திடீரென்று தாழும். தொப்பியைக் கழற்றாமல் போனால் உச்சந்தலை தப்பிக்கும், ஆனால் தொப்பியின் நீட்டல் மேலே இருப்பதை மறைக்கும், ஆகவே பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த கற்கள் ஆடும். மழைக்குப் பிறகு கூரை சொட்டும், கல் வழுக்கும். கூரையின் மேல் வளர்ந்த மரத்தின் வேர்கள் இடுக்கு வழியாக இறங்கித் தொங்குவதை விளக்கொளியில் பார்க்கலாம். வெளியே தண்ணீரைத் தேடி அந்த மரங்கள் எவ்வளவு தூரம் வேர் விடுகின்றன என்பது அப்போது விளங்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் இடுக்கமான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் வெளியிலேயே நின்றுகொள்ளலாம்.

இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். சரளை உருளும். சாய்வில் காலை நீட்டி வைத்தால் குதிகால் கற்களின் மேல் சறுக்கும். அடியைச் சிறிதாக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுவதும் தரையில் படுமாறு வையுங்கள். கையைப் பாக்கெட்டில் விடாதீர்கள். முழங்காலுக்குச் சிரமம் என்றால், வண்டி போகும் தடம் ஒன்றும் இருக்கிறது. சாய்வு குறைவு, தூரம் அதிகம். 1925 முதல் 1936 வரை சிறைக் கைதிகளைக் கொண்டு போடப்பட்ட பாதைகள் இந்தத் தீவில் இருக்கின்றன. கையால் உடைத்து அடுக்கிய கற்களை அவற்றின் ஓரங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். அந்தக் கூர்மையான பாறையை வெயிலில் உடைத்தவர்களை நினைக்காமல் அவற்றில் நடக்க முடியவில்லை.

இறங்கும்போது திசைப் பலகையை நின்று படியுங்கள். ஒரு வழி இஸ்லிங்டன் விரிகுடாவுக்குப் போகும், இன்னொன்று கலங்கரை விளக்கம் இருக்கும் மெக்கென்சி விரிகுடாவுக்கு. இரண்டும் அழகானவை, ஆனால் இரண்டும் உங்கள் படகு நிற்கும் ரங்கிடோட்டோ துறையிலிருந்து விலகிப் போகிறவை. முழு நாள் கையில் இருந்தால் மட்டும், காலை முதல் படகில் வந்து போய்ப் பாருங்கள். கணுக்கால் பிசகினால் நடந்து தீர்த்துவிடலாம் என்று வீம்பு பிடிக்காமல் உட்கார்ந்துவிட்டு உதவி கேளுங்கள். அவசர எண் 111. நகரத்தைப் பார்த்த பக்கத்தில் பொதுவாகச் சிக்னல் கிடைக்கும், குகைக்குள் கிடைக்காது.

எந்த மாதம் போகலாம் என்றால்: பொஹுடுகாவா பூப்பது டிசம்பரை ஒட்டி. அப்போது தீவே சிவந்திருக்கும், கூட்டமும் வெயிலும் சேர்ந்தே வரும். முதல் படகில் போய் நண்பகலுக்குள் இறங்கிவிடுவதாக இருந்தால் டிசம்பர்தான் எங்கள் தேர்வு. வெயில் ஆகாதவர்களுக்கு ஏப்ரல், மே. குளிர்காலத்தில் காட்சி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் நாட்கள் உண்டு, மழை நாட்களும் உண்டு. கோடைக் கடைசியில் குளவிகள் நடமாடும், ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

துறைக்கு அரை மணி முன்னதாக வந்துவிட்டால் அந்த நேரத்தைக் கரையோரத்தில் செலவிடலாம். கடல் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் தீவின் கரைகளில் சதுப்புமரங்களைப் பாருங்கள். வழக்கமாகச் சேற்றில் நிற்கும் மரம், இங்கே சேறு இல்லாததால் குழம்புப் பாறையின் பிளவிலேயே வேரூன்றி நிற்கிறது. படகு வரும் சத்தம் கேட்டதும் பையின் ஜிப்களை மறுபடி சரிபாருங்கள், தீவின் கல் ஒன்றும் உள்ளே வந்திருக்கக் கூடாது. ஷூவைக் கழற்றி உதறினால் கைப்பிடிச் சரளை கொட்டும். அதையும் அங்கேயே கொட்டிவிட்டு ஏறுங்கள்.